யாரிடம், எங்கே, எப்படி

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறவர்களுக்குச் செப்டம்பர் வழியனுப்பும் மாதம். முதுகலை முடித்த பிள்ளைகளில் சிலர் பிரான்சின் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில மொழி உதவியாளர்களாகப் புறப்படுவார்கள். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேர வேலை. வேறு சிலர் அங்கேயே மேற்படிப்புக்குச் சேர்ந்திருப்பார்கள். விடைபெற வரும்போது குளிர்ச்சட்டை, வாடகை, விமானச் சீட்டு என்று பேச்சு ஓடும். நான் அவர்களிடம் கேட்பது வேறு. "ரொட்டிக்கடைக்குள்ள போனதும் முதல்ல என்ன சொல்லுவே?" என்பேன். எல்லா வினைச்சொற்களையும் எல்லாக் காலங்களிலும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை, 'ஜெ வூத்ரே ஊய்ன் பாகெத்', அதாவது ஒரு நீள ரொட்டி வேண்டும் என்று பணிவான வினைவடிவத்திலேயே தொடங்கும். இலக்கணம் சரி, உச்சரிப்பும் சரி. ஆனாலும் பிரான்சில் அது கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்ததைப் போலத்தான் படும். முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். கடைக்கார அம்மாள் பதிலுக்கு 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். ரொட்டியெல்லாம் அதற்குப் பிறகு.

இதைப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு மொழித்திறனுக்கான தெல்ஃப் தேர்வின் தொடக்க நிலையில், விளையாட்டு நாணயங்களையும் நோட்டுகளையும் கொடுத்துக் கடையில் பொருள் வாங்குவதைப் போல நடித்துக் காட்டவும் சொல்கிறார்கள். அங்கே 'போன்ஜூர்' சொல்லி மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான் உண்மையான கடையில் அதை மறக்கிறது. தேர்வில் அது விடையின் ஒரு பகுதியாக இருந்தது. கடையில் அது ஒரு மனிதரைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிவிக்கும் செயல். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் உணரும்படி செய்வதே இத்தனை காலமாக என் தொழிலின் மையமாக இருந்துவருகிறது.

வெளிநாட்டில் கொஞ்சகாலம் இருந்துவிட்டால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது தானாக வருவதில்லை. இன்னாரிடம் இந்த இடத்தில் இப்படிப் பேச வேண்டும் என்ற அறிவு, உறவுகளுக்குள் நிற்கும்போதுதான் பிறக்கிறது. வெளிநாடு அந்த உறவுகளைத் தரலாம். அவற்றைப் பார்க்கும் கண்ணை ஆசிரியர்தான் தர வேண்டியிருக்கிறது. புறப்படும் முன் கொஞ்சம், திரும்பி வந்த பின் இன்னும் கொஞ்சம்.

நம் பிள்ளைகள் மரியாதை தெரியாதவர்கள் அல்லர். தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு ஐந்து வயதுக்குள் ஒரு பெரிய கணக்கு மனப்பாடமாகிவிடுகிறது. பல வீடுகளில் அம்மா 'நீ', அப்பா 'நீங்க'. அக்கா வீட்டுக்காரர் வயதில் சிறியவரானாலும் 'நீங்க'. மனைவி கணவனை 'நீங்க' என்பார், கணவன் மனைவியை 'நீ' என்பார். பேருந்து நடத்துநர் அண்ணன், பூக்காரர் அக்கா, எதிர்வீட்டுப் பெரியவர் தாத்தா. முன்பின் தெரியாதவரையும் ஓர் உறவுப் பெயருக்குள் கொண்டுவந்த பிறகே பேச்சைத் தொடங்குகிறோம். ஒருவர் கொடுக்கும் 'நீங்க' அதே வடிவத்தில் திரும்பி வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வயதும் உறவும்தான் இந்தக் கணக்கை நடத்துகின்றன.

பிரெஞ்சிலும் 'து' என்று ஒருமையும் 'வூ' என்று மரியாதைப் பன்மையும் இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. 'நீ', 'நீங்க' மாதிரிதானே மதாம் என்பார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இல்லாத சலுகை இது என்பது உண்மை. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை. இன்றைய பிரெஞ்சில் வளர்ந்தவர்களிடையே பெரும்பாலும் கொடுத்தது திரும்பி வர வேண்டும். நான் 'வூ' என்றால் நீங்களும் 'வூ', நான் 'து' என்றால் நீங்களும் 'து'. வயதைவிட இடமும் தூரமும் அங்கே பெரியவை. ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த மாற்றத்தைத்தான் விளக்கியது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒரு காலத்தில் மேலிருப்பவருக்கும் கீழிருப்பவருக்கும் இடையிலான அதிகாரம் முன்னிலைச் சொல்லைத் தீர்மானித்தது, பின்னர் நெருக்கமா அந்நியமா என்பதே தீர்மானிக்கத் தொடங்கியது என்று அவர்கள் காட்டினார்கள்.

பிரெஞ்சுக்காரர்களே இதில் ஒரே நிலையில் நின்றவர்கள் அல்லர். புரட்சி உச்சத்தில் இருந்த 1793-ல் 'வூ' என்பதே பழைய அடிமைத்தனத்தின் மிச்சம் என்று சொல்லி, எல்லாரையும் 'து' என்று அழைக்கும் இயக்கம் எழுந்தது. 'முசியே', 'மதாம்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'குடிமகனே', 'குடிமகளே' என்று அழைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே 'வூ' திரும்பி வந்துவிட்டது. 1968 மே மாதக் கிளர்ச்சிக்குப் பிறகு 'து' மறுபடியும் பல இடங்களுக்குப் பரவியது. நம்மிடமும் சுயமரியாதை இயக்கத்தாரும் பொதுவுடைமையாளர்களும் எல்லாரையும் 'தோழர்' என்று அழைத்தபோது இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள். மரியாதைச் சொல் என்பது ஒரு சமூகம் தனக்குள் நடத்தும் நீண்ட வாதத்தின் இப்போதைய நிலை. இதை வகுப்பில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் 'து', 'வூ' என்பதை இறுகிப்போன விதியாகப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு வேறுபாடு நம் பிள்ளைகளை முதலில் தாக்கும் இடம் பிரெஞ்சுப் பள்ளியின் ஆசிரியர் அறை. அங்கே ஆசிரியர்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் 'து' என்றே அழைப்பது வழக்கம். உதவியாளராகப் போய்ச் சேர்ந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை, 'ஓன் பெ ஸ் துத்துவாயே', நாம் 'து' போட்டே பேசிக்கொள்ளலாமே என்கிறார். அந்தப் பெண் இரவில் எனக்குத் தொலைபேசியில் சொல்கிறாள்: "மதாம், எங்க அம்மாவைவிட மூத்தவங்க. அவங்களை எப்படி 'து'ன்னு கூப்பிடுறது? நாக்கே எழும்ப மாட்டேங்குது."

இப்படிப் பேசும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: "அவங்க உன்னை மரியாதையைக் குறைக்கச் சொல்லலைம்மா. நீயும் இந்த அறையில எங்கள்ல ஒருத்தின்னு சொல்றாங்க. நீ 'வூ'லயே நின்னா, உங்களோட சேர விரும்பலைன்னு நீ சொல்றதா அவங்க எடுத்துக்கலாம்." தமிழ்க் காதுக்கு இது தலைகீழாகத்தான் இருக்கும். ஒருமையில் அழைப்பது உபசாரத்தை ஏற்றுக்கொள்வதாகவும், பன்மையில் நிற்பது அதை மறுப்பதாகவும் ஆகிறது. ஆனாலும் அழைப்பு வருவதற்கு முன் அவளாக 'து' போடக் கூடாது. அழைக்கும் உரிமை மூத்தவரிடமோ பொறுப்பில் இருப்பவரிடமோதான் வழக்கமாக இருக்கிறது. அந்த அளவில் அங்கேயும் பெரியவருக்கு இடமுண்டு.

இந்தத் தத்தளிப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரு வழியைத் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கும். 'து'வும் வேண்டாம், 'வூ'வும் வேண்டாம் என்று முன்னிலைச் சொல்லே வராத வாக்கியங்களாகப் பேசுவார்கள். 'சா வா?' என்று நலம் விசாரிப்பார்கள். 'உங்களால் முடியுமா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'முடியக்கூடியதா' என்று பொதுவாகக் கேட்பார்கள். இது நம் ஊர்ப் பழக்கம். ஒருவரை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று தெரியாதபோது, 'சாப்பாடு ஆச்சா?' 'வெளியூர்ப் பயணமா?' என்று நாம் நழுவுகிறோமே, அதே உத்தி. தமிழில் கற்ற நாசூக்கு பிரெஞ்சில் வேலை செய்கிறது. அது ஒரு நிலை வரைக்கும் போதும். பிறகு ஒருநாள் துணிந்து 'து' சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன மறுநாளே அந்த அறையில் தங்கள் நாற்காலி இடம் மாறிவிட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதுவரை ஓரத்தில் உட்கார்ந்தவர்களைக் காபி மேசைக்குக் கூப்பிடுகிறார்கள்.

இங்கிருந்தே நான் வகுப்புக்கான முக்கியமான வழியை எடுத்துக்கொண்டேன். நம் பள்ளிகளில் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகக் கற்பிக்கிறோம். 'பிளீஸ்' என்றால் 'சில் வூ ப்ளே', 'தேங்க்யூ' என்றால் 'மெர்சி' என்று சொல்லிக் கொடுக்கிறோம். இதனால் பிள்ளைக்குத் தன் தாய்மொழியில் ஏற்கெனவே இருக்கும் நுட்பமெல்லாம் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நான் முதலில் தமிழில் கேட்கிறேன். பக்கத்து வீட்டு அத்தையிடம் தண்ணீர் கேள். வங்கி மேலாளரிடம் பேனா கேள். நண்பனிடம் வண்டி கேள். பிள்ளைகள் கேட்டுக் காட்டுவார்கள். "அத்தை, கொஞ்சம் தண்ணி தாங்களேன்." "சார், ஒரு நிமிஷம், பேனா கிடைக்குமா?" "டேய், வண்டியைக் குடுடா, இதோ வந்துடறேன்." ஒரே செயலுக்கு மூன்று முகங்கள். இதில் 'கொஞ்சம்' எதற்கு வந்தது, முழுச் செம்பு தண்ணீர்தானே வேண்டும் என்று கேட்பேன். வகுப்பு யோசிக்கும். கேட்பதன் பாரத்தைக் குறைக்கத்தான் அந்தச் சொல் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

அந்த இடத்தில் பிரெஞ்சைத் திறக்கலாம். பிரெஞ்சுக்காரர் 'பெத்தி' என்ற சொல்லை இதே வேலைக்கு வைத்திருக்கிறார். 'சிறிய' என்பது அதன் பொருள். ஆனால் சிறிய கேள்வி ஒன்று என்று தொடங்கி நீண்ட கேள்வி கேட்பார், சிறிய நொடி என்று சொல்லிப் பத்து நிமிடம் காக்க வைப்பார், சிறிய காபி சாப்பிடலாமா என்று கூப்பிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை வாய்பாடுகளை மனப்பாடம் செய்த பிள்ளை, இதைக் கேட்டதும் இந்த மொழியை அருகில் வந்து பார்க்கத் தொடங்குகிறது.

ஒத்துப்போகும் இடங்களைப் போலவே முரண்படும் இடங்களையும் தமிழ் வழியாகவே காட்ட வேண்டும். மளிகைக் கடையில் 'அரைக்கிலோ துவரம்பருப்பு வேணும்' என்பதில் எந்தக் குறையும் இல்லை. அதையே பிரெஞ்சாக்கி 'ஜெ வெ' என்று கேட்டால் அதட்டுவதாக ஆகிவிடும். 'ஜெ வூத்ரே' என்ற பணிவு வடிவம் வேண்டும், அல்லது வினையே இல்லாமல் 'ஊய்ன் பாகெத், சில் வூ ப்ளே' என்றால் போதும். நம் வீட்டில் பலகாரத் தட்டை நீட்டினால் முதல் முறை வேண்டாம் என்பதும், இன்னொரு முறை வற்புறுத்திய பின் எடுப்பதும் பண்பு. பிரெஞ்சு வீட்டில் கேக்கை நீட்டும்போது வெறுமனே 'மெர்சி' என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தட்டு அடுத்தவரிடம் போய்விடும். எடுத்துக்கொள்வதென்றால் 'வுய்' என்று முதலில் சொல்ல வேண்டும். நாம் 'சாப்பிட்டாச்சா?' என்று அன்போடு கேட்பது அங்கே வினோதமான விசாரணையாகத் தெரியும். சம்பளம் எவ்வளவு, வயது என்ன, ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை என்ற நம் அக்கறைக் கேள்விகள் அங்கே வேலிக்கு உள்ளே எட்டிப் பார்ப்பவை. ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒருவர் சொன்ன கருத்தை மறுத்துப் பேசுவதை அங்கே சண்டையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பேச்சில் பங்கெடுப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பெயரோடு சேர்த்து 'சோஃபி மேடம்' என்று அழைப்பது நமக்குப் பழக்கம். பிரெஞ்சில் 'மதாம்' என்று மட்டும் சொன்னால் போதும். முதற்பெயரையும் 'மதாம்' என்பதையும் ஒட்டினால் விசித்திரமாக ஒலிக்கும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஆங்கில விண்ணப்பத்தின் 'ரெஸ்பெக்டெட் மேடம்' என்ற தொடக்கத்தைப் பிரெஞ்சாக்கக் கூடாது. 'மதாம்' என்று தொடங்கிக் காற்புள்ளி வைத்தாலே முழு மரியாதையும் அதில் இருக்கிறது. முடிக்கும்போது 'கோர்தியால்மான்' என்று எழுதலாம். விண்ணப்பக் கடிதமாக இருந்தால், தங்கள் மேலான வணக்கத்தை ஏற்றருள வேண்டுகிறேன் என்ற பொருள்தரும் அந்த நீண்ட முடிவுரையை எழுதத்தான் வேண்டும். பிரெஞ்சு மரியாதை பேச்சில் சுருக்கமாகவும் கடிதத்தில் விரிவாகவும் இருப்பது. இந்த அளவு வேறுபாட்டைப் பிள்ளைகள் இங்கேயே கற்றுக்கொண்டு போகலாம்.

உடம்பின் மொழியும் உண்டு. நாம் பக்கவாட்டில் தலையாட்டி ஆமோதிப்பதைப் பிரெஞ்சுப் பேராசிரியர் சந்தேகமாகவோ மறுப்பாகவோ படித்துவிடுவார். 'வுய்', 'தக்கோர்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கருத்தரங்க வகுப்பில் அடக்கமாக மௌனம் காப்பது நமக்கு மரியாதை. அங்கே அது தயாரித்து வராததன் அடையாளமாகிவிடலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு விமானம் ஏறினாலும், அங்கே எந்த வாழ்க்கைக்குள் போய் விழுகிறார்கள் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. பிரான்சுக்குப் போகும் இந்திய மாணவர்களில் பலர் ஆங்கிலத்திலேயே நடக்கும் பாடத்திட்டங்களில் சேர்கிறார்கள். விடுதியில் இந்திய நண்பர்கள், சமையலுக்குச் சேர்ந்து வாங்கிய அரிசி மூட்டை, வாரக் கடைசியில் பாரிஸ் லா ஷாப்பெல் பகுதியின் தமிழ்க் கடைகள். அங்கே முருங்கைக்காய் முதல் இட்லி அரிசி வரை தமிழிலேயே பேசி வாங்கிவிடலாம். அந்நிய ஊரில் மனம் தளராமல் இருக்க இது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஈராண்டு இருந்துவிட்டு வந்தும் இவர்களில் சிலருடைய பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற கரையைத் தாண்டியிருக்காது. சின்ன ஊரில் பள்ளி உதவியாளராக ஏழு மாதம் இருந்த பிள்ளை, ஆசிரியர் அறையிலும் பள்ளி உணவகத்தின் வரிசையிலும் வதிவிட அனுமதிக்கான அலுவலகச் சாளரத்திலும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் தினமும் பேசியாக வேண்டியிருந்ததால், வேறு ஆளாகத் திரும்பி வரும்.

ஆய்வாளர்களும் இதைத்தான் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க மாணவர்கள் பிரான்சில் தங்கிப் படித்ததைப் பின்தொடர்ந்த செலஸ்ட் கிங்கிஞ்சர் 2008-ல் வெளியிட்ட நூலளவு ஆய்வில், ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தவர்களுக்கிடையே எவ்வளவு பெரிய வேறுபாடு என்று காட்டினார். சிலர் உள்ளூர்க் குடும்பங்களோடும் நண்பர்களோடும் கலந்தார்கள். சிலர் தங்கள் நாட்டுக்காரர்களோடும் இணையத்தோடும் நின்றுவிட்டார்கள். மொழியின் வளர்ச்சியும் அந்தந்த வாழ்க்கையையே தொடர்ந்து போயிற்று. அயர்லாந்து மாணவர்களை ஓராண்டு வெளிநாட்டு வாசத்துக்கு முன்னும் பின்னும் பதிவு செய்த வெரா ரெகன் 1995-ல் இன்னொரு நுட்பத்தைக் காட்டினார். பிரெஞ்சில் எதிர்மறை வாக்கியத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு, 'ந' என்பதும் 'பா' என்பதும். 'ஜெ ந சே பா' என்றால் எனக்குத் தெரியாது. பேச்சுவழக்கில் முதல் சொல்லை விழுங்கி 'ஜெ சே பா' என்பார்கள். பாடப்புத்தகம் இரண்டையும் கேட்கும், தெரு ஒன்றோடு விட்டுவிடும். ஓராண்டு வாசத்துக்குப் பின் அந்த மாணவர்கள் தெருவைப் போலவே 'ந'வைப் பெரிய அளவில் விடத் தொடங்கியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 'ந'வை விடுவது வளர்ச்சிதான், சந்தேகமில்லை. அந்தப் பிள்ளை காதால் கற்றிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் எல்லா இடத்திலும் விட்டால் அது அடுத்த சிக்கல். போகும் முன் எல்லாரிடமும் பாடப்புத்தகம்போல் பேசிய பிள்ளை, திரும்பி வந்து எல்லாரிடமும் விடுதி நண்பனிடம் பேசுவதைப்போல் பேசுகிறது. 'வுய்' இருந்த இடத்தில் 'வே' வந்திருக்கிறது. நம் 'ஆமாங்க'வுக்கும் 'ம்ம்'முக்கும் உள்ள தூரம் அது. இரண்டு நிலைகளிலும் குறை ஒன்றுதான். எதிரே இருப்பவர் யார் என்று பார்க்கவில்லை.

புதுச்சேரி இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஊரின் பிரெஞ்சு ஒரே பிரெஞ்சு அல்ல. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் இருந்தது. அப்படித் தேர்ந்த குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. சொல்தாக்கள் என்று ஊர் அழைக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவத்தினர் இருக்கிறார்கள். ஜூலை 14 அன்று பதக்கங்கள் அணிந்து கடற்கரைச் சாலையின் போர் நினைவிடத்துக்கு வரும் அவர்களுடைய பிரெஞ்சு, பாசறையில் தோழர்களோடு பழகிய பிரெஞ்சு. பழைய ஆட்சிக் காலத்தில் பள்ளிக்கூடம் போன பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒரு 'ந'வும் விழாத, கடிதம் எழுதுவதைப்போன்ற பேச்சு அவர்களுடையது. 1826-ல் தொடங்கிய லிசே பிரான்சேயின் பிள்ளைகள் இடைவேளையில் பாரிசுப் பிள்ளைகளைப் போலவே பேசிக்கொள்கிறார்கள், ஆசிரியர் வந்தால் 'வூ'வுக்கு மாறுகிறார்கள். புல்வார் பகுதியில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரர்கள், மரைன் வீதியில் தூதரகம், 1955-ல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் என்று இன்னும் பலர். சில வீதிகளுக்குள் இத்தனை பிரெஞ்சுகளும் அடங்கிக் கிடக்கின்றன. பழைய பள்ளியில் படித்த பெரியவர் ஒருவரிடம் போய் 'து' போட்டு, 'வே, வே' என்று தலையாட்டும் பிள்ளை, அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கும்போதுதான் தான் கற்றது பாதி என்று அறியும்.

இந்த ஊருக்கு இது புதிய சவாலும் அல்ல. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், யாரை எந்த வாசல் வரை வந்து வரவேற்றார்கள், யாருக்கு என்ன வெகுமதி, எத்தனை பீரங்கி மரியாதை என்பதையெல்லாம் எவ்வளவு கவனமாகப் பதிந்திருக்கிறார் என்பது தெரியும். சொற்களை மாற்றித் தருவதோடு துபாஷியின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு சபையின் மரியாதையை இன்னொரு சபைக்குப் பொருந்தும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அதற்கு அவர் முதலில் பார்த்தார், பார்த்ததை எழுதினார்.

நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சியும் ஒரு குறிப்பேடுதான். புறப்படும்போது சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். தினமும் ஒரு சந்திப்பைப் பற்றி மட்டும் அதில் எழுத வேண்டும். யார் யாரிடம் பேசினார்கள், எந்த இடம், முதல் சொல் என்ன, கேட்க வேண்டியதை எப்படிச் சுற்றிக் கேட்டார்கள், எப்படி முடித்தார்கள். சரி தவறு என்று தீர்ப்பு எழுதக் கூடாது. பேருந்தில் ஏறும் பாட்டி ஓட்டுநருக்கு 'போன்ஜூர்' சொன்னாளா? கடையை விட்டு வரும்போது 'பொன் ஜூர்னே' என்று நல்ல நாள் வாழ்த்தியது யார், வாடிக்கையாளரா கடைக்காரரா? மருத்துவர் அறையின் காத்திருப்புக் கூடத்துக்குள் வருகிறவர், முன்பின் தெரியாத எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னாரா? தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்ட ஆசிரியர் எந்த வினைவடிவத்தைப் பயன்படுத்தினார்? இப்படி எழுதப்பட்ட நோட்டுகள் எந்தப் பாடநூலைவிடவும் எனக்கு உதவியிருக்கின்றன.

திரும்பி வந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்துப் போகவிருக்கும் பிள்ளைகள் முன்னால் உட்கார வைக்கிறேன். போய்வந்தவர்கள் முதலில் கதையாகத்தான் சொல்வார்கள். நான் இடையில் நிறுத்திக் கேட்பேன். "அவர் அப்படிச் சொன்னப்போ பக்கத்துல யார் இருந்தாங்க? அதையே தனியா இருக்கும்போது சொல்லியிருப்பாரா?" கதை மெல்ல மெல்ல அறிவாக மாறும். பிறகு ஒரே வேண்டுகோளை மூன்று பேரிடம் கேட்கச் சொல்வேன். விடுதி நண்பன், வீட்டுச் சொந்தக்காரர், நம் ஊர்ப் பழைய பிரெஞ்சு வாத்தியார். 'ந' எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது, 'பெத்தி' எங்கே வர வேண்டும், எங்கே அது அசட்டுத்தனம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். ஐரோப்பிய மன்றம் 2001-ல் வெளியிட்ட மொழிச் சட்டகம், தாய்மொழியாளரைத் தன்னையறியாமல் சிரிக்க வைக்கவோ எரிச்சலூட்டவோ செய்யாமல் உறவைப் பேணும் திறனை நடுநிலைக்கு மேற்பட்ட மாணவருக்குரியதாக வைக்கிறது. அந்த நிலையை எட்ட இலக்கணப் பயிற்சியைவிட இப்படி உட்கார்ந்து பேசுவதே உதவுகிறது.

ஒன்றில் நான் உறுதியாக இருக்கிறேன். பிரெஞ்சுக்காரரைப்போல் ஆகிவிடுவது இந்தப் படிப்பின் இலக்கல்ல. கன்னத்தோடு கன்னம் வைத்து வணங்கும் 'பீஸ்' நம் பிள்ளைகள் பலருக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குச் சங்கடம். அதை ஏற்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னதில்லை. ஆனால் எதிரே இருப்பவர் முகத்தை நீட்டிய பிறகு பின்வாங்கினால் அவருக்கு வலிக்கும். சிரித்தபடி முன்கூட்டியே கையை நீட்டிவிட்டால் யாருக்கும் வலிக்காது. இரண்டிலும் அவள் செய்யாமல் விட்டது ஒன்றேதான். இரண்டாவதில் அந்த வழக்கத்தை அறிந்து, அதில் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்கிறாள். அறியாமல் மீறுவதற்கும் அறிந்து விலகுவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டுக்காகத்தான் நான் கற்பிக்கிறேன். வயதில் மூத்த சக ஆசிரியையை 'து' என்று அழைக்கக் கற்ற பெண், ஊருக்கு வந்து தன் அத்தையை 'நீங்க' என்று அழைக்கும்போது அதில் எதுவும் குறைவதில்லை. முன்பு பழக்கத்தால் செய்ததை இப்போது தெரிந்து செய்கிறாள்.

என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரான்சுக்குப் போகப் போவதில்லை. பணமோ வாய்ப்போ வீட்டுச் சூழலோ இடம் தராது. போய்வந்தவர்கள் கற்றதை இவர்களிடம் கொண்டுசேர்க்காவிட்டால், வெளிநாட்டு வாசம் வசதி வாய்த்த சிலரின் அணிகலனாக நின்றுவிடும். அங்கே கிடைப்பது உறவுகள் என்றால், இங்கேயும் சில உறவுகளை உண்டாக்க முடியும். பிரெஞ்சில் பேச ஆளில்லாமல் மாலைகளைக் கழிக்கும் ஓய்வூதியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சுஃப்ரேன் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, அது 1889-லிருந்து இயங்குகிறது. லிசேயின் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்குச் சம வயதினர். கல்லூரிகள் இவர்களை வகுப்புக்கு அழைக்கலாம், நம் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பலாம். வெளிநாடு போய்வந்த ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவமாவது தம் குறிப்பேட்டோடு இளையவர்களுக்கு முன் உட்கார வேண்டும் என்பதைப் படிப்பின் பகுதியாகவே ஆக்கலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. பேச்சு இன்னொரு மனிதரோடு நடக்கும் காரியம் என்பதை, கற்பிக்கிறவர்களாகிய நாம் ஒப்புக்கொண்டால் போதும். பழைய பள்ளியில் படித்த பெரியவர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று, அவருக்குப் பொருந்தும் 'வூ'வோடும் விழாத 'ந'வோடும் தன் கேள்வியைக் கேட்டு, அவரை இன்னும் அரைமணி பேச வைத்துவிட்டு வரும் பிள்ளை, கடல் தாண்டாமலேயே அந்தப் படிப்பின் பெரும்பகுதியை முடித்துவிட்டது என்பேன்.